எந்த பஸ்ல திரும்புவீங்க?

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் பதினொரு வருடம் டோக்கன் கொடுத்தேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது காசு அல்ல. "எந்த பஸ்ல திரும்புவீங்க?" என்றுதான் கேட்பேன். புதிதாக வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், நம் போக்குவரத்து விவரம் இந்தக் கிழவனுக்கு எதற்கு என்று. ஒரு வாரம் பழகினால் அவர்களே வாசலில் நுழையும்போதே சொல்லிவிடுவார்கள்: "சார், ஆறரை திருச்சி வண்டி."

அதற்கு முன் முப்பத்து நான்கு வருடம் கருவூலத்தில் வேலை. 2009-ல் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். அப்போதெல்லாம் 58-ல் அனுப்பிவிடுவார்கள். சந்தன மாலை, சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம். வீட்டில் ஏற்கெனவே இரண்டு கடிகாரம் இருந்தது. மூன்றாவதையும் மாட்டிவிட்டு மூன்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு எட்டு மாதம் உட்கார்ந்திருந்தேன். "ரசத்துல உப்பு ஏறிடுச்சு, பால்காரன் அஞ்சு நிமிஷம் லேட்டு, இதத்தானே நாள்முழுக்கச் சொல்றீங்க? எங்கயாவது போய் நாலு பேரு முகத்தப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள் என் மனைவி.

ஸ்டாண்டை நகராட்சியில் ஏலம் எடுத்திருந்தவர் எனக்குத் தெரிந்தவர். அவருடைய அப்பா கடையில்தான் நான் பத்து வயதில் வாடகைக்கு சைக்கிள் எடுத்திருக்கிறேன். டோக்கன் கொடுக்கும் ஆள் ஓடிவிட்டான், நம்பிக்கையான ஆள் கிடைத்தால் சொல்லுங்கள் சார் என்றார். "நான் வரட்டுமா?" என்று கேட்டேன். விளையாடுகிறேன் என்று நினைத்தார். மறுநாள் காலை ஐந்தரைக்கு நான் போய் நின்ற பிறகுதான் நம்பினார்.

இந்த ஊருக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு பழையது. சமஸ்தான காலத்திலேயே தெருக்களைக் கோடு போட்டு நேராக அமைத்துவிட்டார்கள். கீழ ராஜ வீதியில் நின்றால் அடுத்த முனையில் வருகிறவர் யாரென்று தெரியும். மேடு பள்ளம் அதிகமில்லாத ஊர், சைக்கிளுக்கென்றே சமைத்தது போல. என் அப்பா சமஸ்தானத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர். 1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபோது அவரும் ஃபைல்களோடு ஃபைலாகச் சென்னை ராஜதானிக்கு மாற்றப்பட்டார். அவர் வாங்கியது இரண்டாம் கை ராலே. இங்கிலாந்து வண்டி. அன்றைக்கு ராலே, ஹம்பர், ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாமே கப்பலில் வந்து இறங்கியவைதான். பி.எஸ்.ஏ. என்பது பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த கம்பெனி. அதன் முத்திரையில் மூன்று துப்பாக்கிகள் சாய்ந்து நிற்கும். சைக்கிளில் எதற்குத் துப்பாக்கி என்று அப்பாவிடம் கேட்டு அடி வாங்கியது நினைவிருக்கிறது. 1949-ல் சென்னைக்குப் பக்கத்தில் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய பிறகு ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் நம் மண்ணிலேயே உருவாகத் தொடங்கின. வடக்கே சோனிபட்டில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோ. அதற்கப்புறம்தான் சைக்கிள் என்பது பள்ளிக்கூட வாத்தியாரும் பால்காரரும் வாங்கக்கூடிய பொருளாயிற்று.

அப்போது சைக்கிளுக்கும் லைசென்ஸ் உண்டு என்று சொன்னால் என் பேரன் சிரிக்கிறான். வருடா வருடம் நகராட்சியில் வரி கட்டி ஒரு வில்லை வாங்கி வண்டியில் மாட்டவேண்டும். முதலில் பித்தளை, பிறகு தகரம். மாட்டாத வண்டியைத் தெருமுனையில் நகராட்சி ஆள் பிடித்து வைத்துக்கொள்வார். பொழுது சாய்ந்தால் விளக்கு எரியவேண்டும். மண்ணெண்ணெய் விளக்கு காற்றில் அணைந்துவிடும். அணைந்த இடத்தில்தான் போலீஸ்காரர் நிற்பார். டபுள்ஸ் போனால் அபராதம். அதனால் பின்னால் உட்கார்ந்திருப்பவன் போலீஸ் தலை தெரிந்ததும் குதித்து, சும்மா நடந்து போகிறவன் போல நடப்பான். இந்த நடிப்பில் எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

சொந்த சைக்கிள் இல்லாதவர்களுக்கு அவர் சைக்கிள். மணிக்கணக்கு வாடகை என்பதால், ஹவர் என்பது அவர் ஆகி, அந்தப் பெயர். கடைக்காரர் நோட்டில் பேர், தெரு, எடுத்த நேரம் எழுதுவார். தெரியாத பையன் என்றால் தெரிந்த பெரியவர் ஒருவர் பேரைச் சொல்லவேண்டும். கால் எட்டாத பையன்கள் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்கு பெடல் போடுவோம். முழங்கால் தழும்பு இல்லாமல் எங்கள் தலைமுறையில் ஆண்பிள்ளை கிடையாது. பெண்பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

சைக்கிள் ஸ்டாண்டு என்ற தொழிலுக்கு, நான் பார்த்தவரை, சினிமாக் கொட்டகைதான் பள்ளிக்கூடம். எம்.ஜி.ஆர். படம் வந்தால் நூற்றுக்கணக்கில் வண்டி சேரும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அப்படி ஒரு டாக்கீஸ் ஸ்டாண்டில் சிறுவனாகச் சேர்ந்து வளர்ந்தவர். என்னைவிட ஏழு வயது சின்னவர். அவர் என்னை "சார்" என்பார், நான் அவரை "வாத்தியாரே" என்பேன். கொட்டகையில் எல்லாரும் ஒரே நேரத்தில் வருவார்கள், ஒரே நேரத்தில் போவார்கள். படம் முடிந்து வணக்கம் போட்டதும் நானூறு பேர் ஒன்றாக வந்து டோக்கனை நீட்டுவார்கள். அங்கே கை வேகம்தான் வித்தை. பஸ் ஸ்டாண்டு ஸ்டாண்டு வேறு. இங்கே ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில் திரும்புவார்கள். "இங்க கை வேகம் பத்தாது சார், மண்டை வேணும்" என்றார் வாத்தியார்.

அந்த மண்டை எனக்கு இருந்தது. கருவூலத்தில் அது வேறு விதமாக வீணாகிக்கொண்டிருந்தது.

வேலையைச் சொல்கிறேன். சைக்கிளை வரிசையில் விடும்போது எல்லா முன்சக்கரமும் ஒரே பக்கம் திரும்பியிருக்கவேண்டும். பெடலைப் பின்னுக்குச் சுற்றி, பக்கத்து வண்டியின் கம்பியில் மாட்டாத நிலையில் நிறுத்தவேண்டும். இல்லாவிட்டால் எடுக்கும்போது இரண்டு கம்பி போய்விடும். பூட்டிய வண்டியை நகர்த்த, சீட்டுக்குக் கீழே ஒரு கை, கேரியரில் ஒரு கை வைத்துப் பின்சக்கரத்தை மட்டும் தூக்கி முன்சக்கரத்தால் உருட்டவேண்டும். சைடு ஸ்டாண்டு போட்ட வண்டியும் பெரிய ஸ்டாண்டு போட்ட வண்டியும் ஒரே வரிசையில் கலக்கக்கூடாது. ஒன்று சரிந்தால் இருபதும் சரியும். அந்தச் சத்தத்தை ஒரு தரம் கேட்டவன் மறக்கமாட்டான். நான் இரண்டு தரம் கேட்டிருக்கிறேன்.

டோக்கன் அட்டை இரண்டு பாதி. ஒரு பாதி ஹேண்டில்பாரில் நூலால் கட்டுவது, மறுபாதி வண்டிக்காரர் கையில். என் அப்பா ஒரு தகர டப்பாவில் அம்மன் காசுகளைச் சேர்த்து வைத்திருந்தார். சமஸ்தானத்தின் சொந்த நாணயம். மிளகாய் விதையைவிடக் கொஞ்சம் பெரிசு என்று அம்மா கேலி செய்வாள். இருபது சேர்ந்தால் ஓர் அணா. காசுகளைத் தம்பி மகனுக்குக் கொடுத்துவிட்டு டப்பாவை நான் எடுத்துக்கொண்டேன். ஸ்டாண்டில் பதினொரு வருடமும் டோக்கன் அந்த டப்பாவில்தான் இருந்தது.

முதல் மாதம் டோக்கன் எண் வரிசைப்படியே வண்டியை விட்டேன். கருவூலப் புத்தி. ஒன்று, இரண்டு, மூன்று. பார்க்க அழகாக இருக்கும். சாயங்காலம் பதினேழாம் எண்காரர் முதலில் வந்து நிற்பார், அவர் வண்டி சுவரோரம் புதைந்து கிடக்கும், ஒன்பது வண்டியை வெளியே எடுக்கவேண்டும். அதற்குள் மழை வந்துவிடும். அப்போதுதான் அந்தக் கேள்வி எனக்கு உதித்தது. மதியம் திரும்புகிறவர்களை வாசல் ஓரம், சாயங்கால அலுவலகக் கூட்டத்தை நடுவில், கடைசி பஸ்ஸில் வருகிறவர்களைச் சுவர் ஓரம் என்று பிரித்தேன். அறந்தாங்கி, காரைக்குடி, திருச்சி, தஞ்சாவூர் என்று பஸ் நேரத்தை மனப்பாடம் செய்தேன். ஆறரை திருச்சி வண்டி உள்ளே நுழைகிற ஹாரன் கேட்டால் அதில் வருகிறவர்களின் சைக்கிள்களை முன்னால் இழுத்து வைத்துவிடுவேன். அவர்கள் நடந்து வரும் நேரத்துக்குள் வண்டி தயாராக நிற்கும். மழை நாளில் சீட்டுக்குப் பாலித்தீன் பை. காற்று இறங்கியிருந்தால் இரண்டு அடி அடித்துவைப்பேன். இதற்குக் காசு வாங்கியதில்லை. குத்தகைக்காரர் முதலில் முணுமுணுத்தார். பிறகு பக்கத்து ஸ்டாண்டுக் கூட்டமும் எங்கள் பக்கம் வரத் தொடங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டார்.

பெண்கள் வண்டி வரிசையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அது 1991-ல் தொடங்கியது. அறிவொளி இயக்கம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுத்துக் கற்றுக்கொடுக்க வந்த இயக்கம், சைக்கிளையும் பாடமாக வைத்தது. கற்றுக்கொடுக்கப் போகும் பெண்கள் ஊர் ஊராகப் போக பஸ்ஸையும் புருஷனையும் அண்ணனையும் நம்பிக்கொண்டிருந்தால் எழுத்து எங்கே போய்ச் சேரும்? ஞாயிற்றுக்கிழமை மைதானங்களில் பெண்கள் கூட்டமாக சைக்கிள் பழகினார்கள். அதற்கென்று பாட்டே இருந்தது. கல் உடைக்கும் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம செவிலியர்கள், விவசாயக் கூலிகள் எல்லாரும். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறு பெண்களுக்கு மேல் கொடி கட்டிய சைக்கிளில் ஊருக்குள் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கடைகளில் கிடைக்கவில்லை. ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. இதையெல்லாம் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996-ல் வந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். சைக்கிள் கற்ற பெண்கள் ஒரு லட்சத்துக்கு மேல் என்று கணக்குச் சொல்கிறார்.

அந்த லட்சத்தில் என் மனைவியும் ஒருத்தி. அவள் சத்துணவு அமைப்பாளர். மையம் ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில். காலையில் நான் கேரியரில் வைத்துக் கொண்டுபோய் விடுவேன். சாயங்காலம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பஸ். சைக்கிள் பழகப் போகிறேன் என்று அவள் சொன்னபோது நான் வேண்டாம் என்றேன். காரணம் என்ன சொன்னேன் என்று இன்றைக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். உண்மையில் ஆபீசில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதுதான் என் கவலை. அவள் என்னிடம் திரும்பக் கேட்கவில்லை. மூன்று ஞாயிறு போனாள். நான்காவது திங்கள்கிழமை காலை என் அப்பாவின் ராலேயை, அந்த உயரமான பார் வைத்த வண்டியை, எடுத்துக்கொண்டு அவளே கிளம்பிவிட்டாள். நான் அன்றைக்கு ஆபீசுக்கு நடந்து போனேன்.

பிறகு அரசாங்கமே சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து, பின்னர் அரசுப் பள்ளிகளில் பிளஸ் ஒன் சேர்கிற எல்லாருக்கும் விரிந்தது. நல்ல காரியம். ஆனால் சைக்கிள் ஸ்டாண்டுக்காரனுக்கு அது எத்தனை பெரிய தலைவலி என்று கோட்டையில் யாரும் யோசித்திருக்கமாட்டார்கள். ஒரே நிறம், ஒரே அச்சு, ஒரே ஸ்டிக்கர். பிளஸ் ஒன்னில் வாங்கிய வண்டியைப் பெண்கள் வேலைக்குப் போகும்வரை வைத்திருப்பார்கள். ஒரு வரிசையில் முப்பது வண்டி நின்றால் முப்பதும் அக்கா தங்கை. திருச்சி ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிற இரண்டு பெண்களின் டோக்கன் அட்டை ஒருநாள் மழையில் நூல் அறுந்து கீழே விழுந்துவிட்டது. நான் மாற்றிக் கட்டிவிட்டேன். கொடுமை என்னவென்றால் ஒருத்தியின் சாவி மற்றவளின் பூட்டைத் திறந்துவிட்டது. மூன்று நாள் இருவரும் மாற்றி ஓட்டியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் ராத்திரி ஒருத்தி வந்து சொன்னாள்:

"சார், இது என் சைக்கிள் இல்ல."

"எப்படிம்மா சொல்ற?"

"இதுல பிரேக் பிடிக்குது சார்."

அன்றிலிருந்து அந்த வரிசை வண்டிகளுக்கெல்லாம் சீட்டுக்கு அடியில் துணிப்பட்டை கட்டினேன். பழைய புடவைக் கிழிசல். மஞ்சள், ஊதா, பச்சை, கட்டம். என் மனைவியின் புடவைப் பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது. டோக்கன் தொலைந்தாலும் "கட்டம் போட்ட சேப்பு சார்" என்று சொன்னால் போதும். அந்தப் பெண்ணின் பிரேக்கை வாத்தியார் சரிசெய்து கொடுத்தார்.

ஆபீஸ்காரர்கள் வருவார்கள். என் கீழே இளநிலை உதவியாளராக இருந்தவர் ஒருவர் பதவி உயர்ந்து என் நாற்காலிக்கே வந்துவிட்டார். முதல் தடவை வண்டி விட வந்தபோது என்னைப் பார்த்து, வண்டியை எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டார். ஒரு மாதம் பக்கத்து ஸ்டாண்டில் விட்டார். பிறகு மழைக்காலம் வந்தது. அங்கே கூரை ஒழுகும். வந்தார். டோக்கனை இரண்டு கையாலும் வாங்கினார், திருநீறு வாங்குவது போல. "எந்த பஸ்ல திரும்புவீங்க?" என்று கேட்டேன். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. "நீங்க எப்ப சொல்றீங்களோ அப்ப சார்" என்றார்.

கருவூலத்தில் எனக்குக் கடைசியாகக் கொடுத்தது ஓய்வூதியப் பிரிவு. வருடத்துக்கு ஒருமுறை ஓய்வூதியர்கள் நேரில் வந்து உயிரோடு இருப்பதைக் காட்டவேண்டும். நேர்காணல் என்று பெயர். கைத்தடியோடும் ஆட்டோவிலும் வருவார்கள். நான் புத்தகத்தைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, கையெழுத்து வாங்குவேன். அத்தனை வருடத்தில் ஒருவரிடம்கூட வீட்டுக்கு எப்படித் திரும்பிப் போவீர்கள் என்று நான் கேட்டதில்லை. பின்னால் வரிசை நின்றது, அதுதான் காரணம். ஸ்டாண்டிலும் வரிசை நிற்கத்தான் செய்தது.

சைக்கிள் குறைந்துகொண்டே வந்தது. 1980-ல் டி.வி.எஸ். 50 வந்தபோதே அது தொடங்கிவிட்டது என்று வாத்தியார் சொல்வார். நான் சேர்ந்தபோது பாதிக்குப் பாதி சைக்கிள். நான் விலகும்போது பத்தில் இரண்டு. சுவரோரம் மட்டும் சைக்கிளுக்கு. மீதியெல்லாம் மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டியும். 2020 ஜூன் 3-ஆம் தேதி, அது உலக சைக்கிள் தினம், அன்றைக்குத்தான் அட்லஸ் கம்பெனியின் சாகிபாபாத் தொழிற்சாலை மூடப்பட்டது. பேப்பரில் படித்தேன். அப்போது ஸ்டாண்டே பூட்டித்தான் கிடந்தது.

அந்த வருடம் மார்ச் 24 சாயங்காலமே கொரோனாவுக்காக 144 போட்டுவிட்டார்கள். வெளியூர் போனவர்கள் அங்கங்கே மாட்டிக்கொண்டார்கள். எங்களிடம் முப்பத்தெட்டு சைக்கிள் நின்றுவிட்டது. காற்றில்லாமல் ஒரே இடத்தில் நின்றால் டயர் மடிந்து வெடிப்பு விடும். காய்கறி வாங்க வெளியே விடும் நேரத்தில் வாரம் ஒருமுறை போய்க் காற்றடித்து, முன்சக்கரத்தைக் கால் சுற்று திருப்பி வைத்துவிட்டு வருவேன். ஒருநாள் போலீஸ்காரர் நிறுத்தினார். முகக்கவசம், ஒரு கையில் கத்தரிக்காய், மறு கையில் காற்றடிக்கும் பம்பு. விளக்கம் சொன்னேன். நம்பவில்லை, ஆனால் விட்டுவிட்டார். செப்டம்பர் 7-ல் மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடியது. அன்று காலை ஐந்தரைக்கு முப்பத்தெட்டையும் துடைத்து வாசல் வரிசையில் வைத்தேன், எல்லாரும் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவார்கள் என்பது போல. தீபாவளிக்குள் முப்பத்து நான்கு போயிற்று. நான்கு நின்றுவிட்டது. பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடலாம் என்றார் குத்தகைக்காரர். நான் இருந்தவரை போட விடவில்லை.

2021-ல் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. விலகிவிட்டேன். டப்பாவை வாத்தியாரிடம் கொடுத்தேன். அவரும் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார் என்று கேள்விப்படுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளை எந்த ஊரிலாவது ஸ்டாண்டில் வண்டி விடும்போது ஹேண்டில் லாக் போடாதீர்கள். ஹேண்டில் பூட்டிய வண்டியை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும், பெரும்பாலும் அங்கே ஒருவர்தான் இருப்பார், அவருக்கும் வயதாகியிருக்கும். எந்த பஸ்ஸில் திரும்புவீர்கள் என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிட்டுப் போங்கள்.